வெறுங்கட்டம்

புரொஜெக்டரில் காட்டுவதற்காகப் பேச வந்தவர் கொண்டுவந்து மேசையில் அடுக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டுகளை விரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தால் போதும். "முப்பத்தெட்டு இருக்கும். நாலே காலுக்குத்தான் டீ" என்பார் ஆறுமுகசாமி. எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழோ முப்பத்தொன்பதோ இருக்கும். அதற்கு மேல் தவறாது. ஊட்டியில் உள்ள அந்தப் பல்கலைக்கழக மையத்தின் புள்ளியியல் துறையில் வியாழன்தோறும் மூன்று மணிக்குக் கருத்தரங்கு. பேராசிரியர்கள் வராத வியாழன் உண்டு. பேச வேண்டியவரே வராத வியாழனும் உண்டு. அட்டெண்டர் ஆறுமுகசாமி வராத வியாழன் இருபத்திரண்டு வருடத்தில் கிடையாது.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்டூல். ஜன்னல் இடுக்கில் மூடுபனி நுழைந்து லென்ஸில் படியும். சுவரில் எழுத்து கரையும். கழுத்தில் கிடக்கும் பச்சை மஃப்ளரின் நுனியால் ஒரு துடைப்பு. எழுத்து திரும்பி வந்துவிடும். ஷீட் மாற்றுவது, லென்ஸ் துடைப்பது, டீ கொடுப்பது, இவ்வளவும் சம்பளத்துக்கு. பெருமை தனிக் கணக்கு. "ஏழாங்கிளாஸோட நின்னவனுங்க நான். இந்தக் கையால ஷீட் மாத்தி மாத்திப் பத்தொம்பது பேரை டாக்டராக்கி உட்டிருக்கறேன். அதுல ரெண்டு பேருக்கு இன்னமும் சராசரி எடுக்க வராது."

கேள்வி நேரத்தில் அவர் உதடு கோணும். "பதில் வேணும்னா கேக்கறாங்க? நானும் முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்னு காட்டறதுக்குக் கேக்கறாங்க" என்று டீத்தட்டோடு முணுமுணுப்பார். ஆனால் முணுமுணுப்போடு சரி. கருத்தரங்குக்குள் அவர் வாய் திறந்ததே இல்லை, இரண்டாயிரமாவது வருடத்தின் அந்த ஒரு வியாழன் வரைக்கும்.

கோத்தகிரிப் பக்கம் அவருக்கு அரை ஏக்கர் தேயிலை. மேட்டுப்பாளையத்திலிருந்து மாற்று வேட்டியோடு மலை ஏறியவர் கல் பொறுக்கி, மண் அணைத்து, ஒவ்வொரு செடியாக வைத்தது. எவன் கொடுத்த சொத்தும் இல்லை. அந்த வருடம் தேயிலை விலை பள்ளத்தில் விழுந்தது. பல வாரங்களில் ஃபேக்டரிகள் இலையே எடுக்கவில்லை. பறிக்காமல் விட்டால் செடி முற்றிப்போகும். பறித்து மூட்டையில் வைத்தாலோ இலை சூடேறிச் சிவந்துவிடும். அவர் மனைவி மருதாயி மூட்டை மூட்டையாகச் சுமந்துபோய் ஓடையில் கொட்டினாள்.

விற்காமல் போன இலைக்கு நிவாரணம் தரலாமா என்று பார்க்க ஒரு குழு அமைந்தது. எவ்வளவு இலை வீணானது என்று கண்டு சொல்லும் பொறுப்பு புள்ளியியல் துறைக்கு வந்தது. ஆராய்ச்சி மாணவி கீர்த்தனா படிவம் தயாரித்தாள்: வீட்டுக்கு ஒரு வரிசை, பன்னிரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு கட்டம், அந்தந்த வாரம் விற்ற கிலோ. ஆறுமுகசாமியின் ஊரில் நாற்பது வீடு. அவளை வீடு வீடாகக் கூட்டிப்போனவர் அவர்தான்.

அங்கேதான் சிக்கல். விற்காத வாரமானாலும் செடியின் பேரில் சைபர் போட ஒருவரும் சம்மதிக்கவில்லை. "விக்கலீன்னா விக்கல. அதுக்குன்னு நம்ம கையாலயே சைபர் போட்டா அந்தச் செடி வெளங்குமாக்கு?" என்று மருதாயியே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தக் கட்டத்தைச் சும்மா உடுங்க. படிச்சவங்களுக்குப் பாத்தாலே தெரியும்" என்று நாற்பது வீட்டுக்கும் வழி சொன்னவர் ஆறுமுகசாமி.

அந்த வியாழன், ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் ஜஸ்டஸ் முடிவை வாசித்தார். "வீட்டுக்கு வாரம் சராசரி ஐம்பது கிலோ விற்றிருக்கிறது. முன்பும் இதே அளவுதான். வீணான இலை என்று சொல்லும்படி எதுவுமில்லை."

ஷீட் மாற்றப் போன கை நின்றது. சுவரில் விழுந்த அட்டவணையில் பதினேழாவது வரிசை அவர் வீடு. ஏழு கட்டத்தில் எண். ஐந்து கட்டம் வெறுமை.

"ஏனுங்க சார், அந்த அஞ்சு கட்டம் என்னாச்சுங்க?"

அறை திரும்பிப் பார்த்தது. ஜஸ்டஸ் சிரித்தார். "அது மிஸ்ஸிங் வேல்யூ, ஆறுமுகசாமி. தகவல் இல்லை. அதை விட்டுட்டு மீதி ஏழால வகுத்தாச்சு."

"தகவல் இல்லீங்களா? அந்தத் தகவலைத் தலையில தூக்கிட்டுப் போயி ஓடையில கொட்டிட்டு வந்தவ எம் பொண்டாட்டிங்க! அவ கழுத்து வலி இன்னும் போகலீங்க!"

பின்வரிசையில் எவனோ சிரித்தான். கீர்த்தனா எழுந்தாள். "சார், விக்காத வாரத்தைத்தான் வெறுமையா விட்டோம்னு அவங்க எங்கிட்டயே சொன்னாங்க. நானும் உங்ககிட்ட..."

"எழுதி வாங்கினியா?"

"இல்ல சார்."

"வாயால சொன்னதெல்லாம் டேட்டா இல்லை. திங்கட்கிழமை அறிக்கை குழுவுக்குப் போகுது." ஜஸ்டஸ் ஸ்டூலின் பக்கம் திரும்பினார். "உங்க வேலை ஷீட் மாத்தறது. மாத்துங்க."

ஆறுமுகசாமிக்குக் காது மடல் வரை கொதித்தது. பாதிக் கோபம் அந்த மனிதர் மேல். மீதிப் பாதி, 'படிச்சவங்களுக்குத் தெரியும்' என்று ஊரையே நம்பவைத்த தன் வாய் மேல். இருபத்திரண்டு வருடமாக இவர்களுக்குத் துடைத்த லென்ஸ் எத்தனை!

"எழுதித்தான் இருக்கோணுமுங்களா?" என்றார்.

ஷீட்டை மாற்றவில்லை. பேராசிரியருடைய சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். மருதாயி போட மறுத்த சைபரை அவள் வரிசையில் முதல் வெறுங்கட்டத்துக்குள் மெதுவாகச் சுழித்தார். சுவரில் அது வண்டிச் சக்கரம் அளவுக்கு விழுந்தது. ஜஸ்டஸ் ஏதோ கத்தினார். இரண்டாவது. மூன்றாவது. ஐந்தையும் முடித்து அடுத்த வீட்டு வரிசைக்குப் போனபோது லென்ஸில் பனி படிந்து சுவர் மங்கியது. மஃப்ளர் நுனியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்தார்.