ரயிலுக்கு விழிக்கும் பிள்ளையோடு விமானம் பார்க்கப் போனோம்

காலை ஏழு மணிக்கு விருத்தாசலம் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம், உலக யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளத்தில் அன்று விமானங்கள் வந்து வித்தை காட்டப்போவதாக ஒரு வாரமாக ஊரெல்லாம் பேச்சு. எழுபதுகளின் தொடக்கம் அது. எங்களில் பாதிப் பேர் விமானத்தைத் தலைக்கு மேலே புள்ளியாகப் பார்த்ததோடு சரி.

என் கணவர் வேடிக்கை பார்க்கக் கிளம்பினார். நான் கிளம்பியது வேறொன்றுக்கு. எங்கள் மகள் செல்விக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்று நான் வாயெடுத்தாலே இவருக்கு முகம் கறுத்துவிடும். பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளை விரலால் சுண்டி, ஓசையை வைத்தே கீறல் கண்டுபிடிக்கிறவர். அப்பேர்ப்பட்ட காதுக்காரருக்கு இதை மட்டும் கேட்கப் பிடிக்கவில்லை.

"ரயிலு வந்தா பாயிலேர்ந்து எழுந்திரிச்சி கதவப் பாக்குறா. காது கேக்காத புள்ள எப்படி எழுந்திரிக்கும், சொல்லு," என்பார். எங்கள் வீடு ஜங்ஷனை ஒட்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. விமான இரைச்சலுக்காவது திரும்புகிறாளா என்று பார்த்துவிடத்தான் நான் கிளம்பினேன்.

பதினைந்து மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. "ஏரோப்ளேன் பாக்கப் போறவங்க இன்னும் உள்ள போங்க, நம்ம பஸ்ஸு பறக்காதுங்க," என்று கண்டக்டர் எல்லாரையும் அடைத்தார். இறங்கி, முந்திரித் தோப்பு வழியாக நடந்தோம்.

பத்து மணிக்கு ஓடுதளம். தோப்பைத் தாண்டியதும் வீடில்லை, மரமில்லை. எங்கிருந்தோ வந்து எங்கும் போகாமல் முடிந்துபோகிற ஒரு கறுப்புச் சாலை. கானலில் அந்தக் கோடியில் நின்றவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. அத்தனை ஆயிரம் பேர் இருந்தும் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

விமானம் தெரியும் முன்பே இரைச்சல் வந்தது, எங்கள் முதுகுப் பக்கமிருந்து. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பியது. கைக்குழந்தைகள் வீரிட்டன. தோப்பில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அத்தனை தலைகளில் ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. செல்வி என் காலடியில் குந்தி, முந்திரிக் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே விமானம் கடந்தபோது அதன் நிழல் அவள் கோட்டின்மேல் ஓடியது. அதைத்தான் பார்த்தாள். உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கப் பார்த்தாள்.

"பாப்பா பயப்படவே இல்லீங்களே," என்றார் கம்மாபுரத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்ற ஓர் அம்மா.

"ஆமாங்க," என்றேன்.

என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். "வெயில்ல அசந்துட்டா," என்றார். அதன் பிறகு ஐந்தாறு விமானங்கள் வந்தன. இவர் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பினோம். செல்வி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பாயை விரித்தேன். அவர் அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, போன வருஷமே அவிழ்த்து வைத்த தூளிச் சேலையை எடுத்து உத்தரத்தில் கட்டினார்.

"என்னங்க இது? வளந்த புள்ளைக்கு?"

"வண்டி வரட்டும்," என்று அவளை வாங்கித் தூளியில் போட்டார்.

வந்தது. நீளமான கூட்ஸ் வண்டி. கூவிக்கொண்டே போனது. அலமாரியில், தொழிற்சாலையில் கீறலென்று கழித்துப்போட்ட கோப்பைகள் கடகடவென்று ஆடின. தரை நடுங்கியது. தூளி மட்டும் அசையாமல் தொங்கியது. உள்ளே அவள் மூச்சு சீராக இருந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகு அவர் குனிந்து தரையில் கையை வைத்தார். அங்கே இன்னும் அதிர்வு மிச்சமிருந்தது.

"இதுதான் இத்தன நாளும் எழுப்பியிருக்குது," என்றார். அவருடைய குரல் உடைந்துபோயிருந்தது. நானும் அழுதேன்.

பிறகு அவர் அவளைத் தூளியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தினார். ஆளுக்கொரு பக்கம், உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு நாங்களும் படுத்தோம். அடுத்த வண்டி வந்தது. செல்வி கண் விழித்தாள். வழக்கம்போலக் கதவைப் பார்த்தாள். பிறகு தரையில் இருந்த எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு, தன் கையையும் பக்கத்தில் வைத்தாள்.