சுவிட்ச் மேல் போட்ட துண்டு

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். ரெங்கராஜ் நெஞ்சு வலியில்தான் போவார், சொல்லாமல் கொள்ளாமல் போவார், அவர் போகிற அன்று ராஜபாளையத்தில் பாதி பிளக்ஸ் மெஷின் நின்றுவிடும் என்று போன பங்குனியிலேயே டீக்கடையில் வைத்துச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். போன செவ்வாய்க்கிழமை யாரும் சிரிக்கவில்லை.

அன்று காலை கடையைத் திறந்து மெஷினுக்குப் பத்தி காட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஓர் ஆர்டர் வந்தது. ஆறடிக்கு நாலடி, கண்ணீர் அஞ்சலி, மதியத்துக்குள் வேண்டும். படத்தைத் திறந்தால் ரெங்கராஜ். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் தெரிகிறது. வீட்டில் வேறு படம் கிடைக்கவில்லை போலும். அனுப்பியவர் அவர் மைத்துனர். எனக்கும் ரெங்கராஜுக்கும் நடந்தது தெரிந்து அனுப்பினாரா, தெரியாமல் அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

பிளக்ஸ் கடை வைத்திருக்கும் உங்களுக்கு ரெங்கராஜைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வத்திராயிருப்பிலிருந்து நம்மூர் வரைக்கும் பேனர் அடிக்கிற பெரிய இங்க் பிரிண்டர் எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைக் கேலி செய்வார்.

என் மெஷின் வந்த புதிதில் ஒரு கோளாறு. மை தெளிக்கிற ஹெட் ஓடிப்போய் ஓரத்தில் டமாரென்று மோதும், திரையில் எரர் வரும், நின்றுவிடும். அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. மதுரையிலிருந்து மூன்று இஞ்சினியர்கள் வந்து கைவிட்டுப் போனார்கள். சரி, இரண்டு பேர். மூன்றாமவர் கூட வந்த டிரைவர். அதற்குப் பிறகுதான் ரெங்கராஜ் வந்தார். பையைக்கூடத் திறக்கவில்லை.

"முதல்ல சொல்லுங்க அண்ணாச்சி, கடைசியா யார் கை வச்சது?"

"ஒருத்தரும் தொடலப்பா."

"தொட்டோம்னு சொன்னா பத்து நிமிஷ வேலை. தொடலன்னு சொன்னா அரை நாள் வேலை. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

"ஏலே, சத்தியமா தொடலலே!"

ஹெட் ஓடும் பாதையில் கண்ணாடி போல ஒரு நாடா இருக்கும். அதிலுள்ள நுணுக்கமான கோடுகளை எண்ணித்தான் ஹெட், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். ரெங்கராஜ் டார்ச் அடித்துக்கொண்டு அந்த நாடாவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சாண் சாணாகப் பார்த்தார். நடுவில் நின்றார். ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவால் ஒரே துடைப்பு.

"நீங்க சொன்னது நெசந்தான் அண்ணாச்சி. ஒருத்தரும் கை வைக்கல. பல்லிதான் எச்சம் வச்சிருக்கு."

எனக்கும் ஆரம்பத்திலிருந்தே பல்லி மேல் சந்தேகம் இருந்தது. அவர் மனம் கோணக் கூடாதே என்று சொல்லவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மை அடைத்த ஹெட்டைக் கழுவினால், ஹெட்டுக்குப் போகிற பட்டைக் கேபிளில் கழுவுகிற மருந்து இறங்கிவிடும். அது காய்வதற்குள் கரண்ட் கொடுத்தால் போர்டும் போகும், ஹெட்டும் போகும். அதனால் கழுவி முடித்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து சுவிட்ச் மேல் வீசிவிட்டுத்தான் வெளியே போவார். "பஸ்ல துண்டு போட்ட சீட்டு மாதிரி. ஆள் வார வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின தினம். அச்சில் சிவப்பு வரவில்லை. ரெங்கராஜ் வந்து ஹெட்டைக் கழுவினார். துண்டைப் போட்டார். "ஒரு மணி நேரம் காயட்டும். சாப்பிட்டுட்டு வாரேன்" என்று போனார். கடையில் கான்சாபுரத்துக்காரர் ஒருவர் காத்திருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்கு வளைவு பேனர். சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கட்டியாக வேண்டும்.

அவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மாவட்டத்துலயே பெரிய மெஷினுன்னு சொன்னீய. துண்டு போட்டு மூடி வச்சிருக்கீய?"

"காயணுமாம்."

"அப்ப மெஷின் உங்களுதா, மெக்கானிக்கோடதா?"

எட்டாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் மெஷினைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அன்றைய என் எண்ணம். "இது எம்புட்டுக் காய்ஞ்சா போதும்னு எனக்குத் தெரியாதா!" என்று எழுந்தேன். துண்டை எடுத்தேன். மடித்து நாற்காலி மேல் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அப்புறம் கருகிய வாடை.

ரெங்கராஜ் திரும்பி வந்ததும் மூக்கைச் சுருக்கினார். நாற்காலியில் இருந்த துண்டைப் பார்த்தார்.

"யாரு அண்ணாச்சி போட்டது?"

"ஒருத்தரும் தொடலப்பா. நீ கழுவின லட்சணம் அப்படி."

கான்சாபுரத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெங்கராஜ் எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சரி, என் கைத் தப்புன்னே இருக்கட்டும். கல்யாண வீட்டு வேலை நிக்கக் கூடாது. டிசைனை பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க."

பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தெரிந்த கடையில் அடித்து, அவரே கான்சாபுரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. வாய் சும்மா இருக்குமா? "ரெங்கராஜுக்குக் கை நடுங்குது, என் ஹெட்டை எரிச்சுப்புட்டான்" என்று உங்களிடம் சொன்னேன். நான் சொன்னால் நம்பும்படி சொல்வேன். நீங்களும் நம்பினீர்கள். மெயின் ரோட்டில் நாலு கடைக்காரர்கள் மதுரை ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ரெங்கராஜ் வேலை தேடி சங்கரன்கோவில், தென்காசி என்று கனத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பங்குனியில் நான் சொன்னது ஜோசியம் இல்லை. அதற்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் போகாமல் டீக்கடைக்குப் போனேன்.

சித்திரையில் மனசு கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்கே போனேன். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது.

"ரெங்கா, அன்னைக்குத் துண்டை எடுத்தது நாந்தாம்லே" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. நான் வீசிட்டுப் போற ஆளு. நீங்க மடிச்சுல்லா வச்சிருந்தீய" என்று சிரித்தார். "விடுங்க. மெஷின்னா எரர் வரத்தான் செய்யும். மனுசனுக்கு வரக் கூடாதா?"

இதுவரை எழுதி என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அவிய வீட்டுக்கு நீங்க எப்பப் போனீய?"

"சித்திரையில."

"ஒரு மணிக்குப் போயி மூணு மணிக்கு வந்தீய. யாரையும் பாக்கலன்னு நீங்கதான சொன்னீய?"

நாலு கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன். துண்டை எடுத்தது நான், சுவிட்சைப் போட்டது நான், ரெங்கராஜ் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. இவ்வளவும் சத்தியம். காப்பியும் மன்னிப்பும் நான் இட்டுக்கட்டியது. அவர் என்னை மன்னிக்கவில்லை; நான் கேட்டால்தானே மன்னிப்பதற்கு. அந்தத் தெருவுக்குப் போனது மட்டும் நிஜம். வாசலில் பைக் நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மகளோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபடி செருப்பைக் கழற்றாமல் நின்றேன். நான் உள்ளே போனால் அது நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவருடையது என்று என்னிடம் இப்போது இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதுவும் எனக்காகச் சிரித்ததில்லை.