மாதா சுரூபத்தின் அடியில் நான்கு கடிதங்கள்

2025 ஜூன் 18, புதன்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் அண்ணன் ஆல்பர்ட், குழாயடியில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவியபடியே என்னிடம் கேட்டான்.

"கடன் வாங்கினவனே இல்லேன்னா அந்தக் கடனும் போயிடுமா பாப்பா?"

நான் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பிசகாமல் பதில் சொல்வதே என் பழக்கம். "தெரியலண்ணா, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கேட்டது என்னவென்று எனக்கு உறைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

அன்பான இறைமக்களே, எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அப்பா இல்லை. அம்மா திருச்சியில் கன்னியர் நடத்தும் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர்; அவருடைய சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். மெக்கானிக்கல் படித்தால் எந்தக் காலத்திலும் வேலை உண்டு என்று பலரும் சொன்னதால், அம்மாவும் கையெழுத்துப் போட்டு அண்ணனுக்கு ஐந்து லட்சம் கல்விக் கடன் வாங்கினோம். படிக்கும் காலத்தில் வட்டி ஏறாது என்று நம்பினோம். தவணை தொடங்கியபோது அது ஏழு லட்சத்தை நெருங்கியிருந்தது.

அண்ணனுக்கு வேலை கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. துவாக்குடிப் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கைக்கு வருவது பதினாறாயிரத்து இருநூறு. தவணை பதினோராயிரத்து ஐந்நூறு. ஐ.டி.ஐ. முடித்து மூன்று ஆண்டு முன்னதாகவே சேர்ந்தவர்கள் அவனைவிட அதிகம் வாங்குகிறார்கள். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'டிகிரி'. "டிகிரி, அந்த ஸ்பேனரை எடுங்க" என்பார்களாம். முதலில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். பிப்ரவரியோடு தவணை கட்டுவதும் நின்றது.

அந்தப் புதன்கிழமை நண்பகலில் வங்கி வசூலுக்கு ஒருவர் வந்தார். மேல்வீட்டில் கேட்கும்படி, "இன்ஜினியர் சார் இல்லீங்களா? காலண்டர்ல நம்ம தேதிய மட்டும் கிழிச்சுப் போட்டுட்டாரா?" என்றார். அண்ணன் வந்ததும் அதைச் சொல் மாறாமல் அவனிடம் ஒப்பித்தவள் நான்தான். அதற்குப் பிறகுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

ஆறு மணிக்கு வழக்கம்போல் வீட்டுப் பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். ஒரு செபமும் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில், மிகவும் முடியாமல் போனால் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி மாதா சுரூபத்தின் அடியில் வைப்போம். நான் எழுதியது ஒரே சொல்: ஆல்பர்ட். அதை வைக்கச் சுரூபத்தைத் தூக்கினேன். விரிப்புக்குக் கீழே தடித்து ஏதோ இருந்தது. நான்கு வங்கிக் கடிதங்கள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

அம்மா வேலையிலிருந்து திரும்பி வாசலில் நின்றிருந்தார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"அவன் கண்ணுல பட்டா தாங்கமாட்டான்டி. மாதாகிட்டயே குடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா செபித்த இடத்தில்தான் நானும் செபித்தேன். ஆனால் அந்தக் கடிதங்கள் மாதாவுக்கு எழுதப்பட்டவை அல்ல. அம்மாவின் கண் முன்னாலேயே பிரித்தேன். மூன்று எச்சரிக்கைகள். நான்காவது, வருமானம் குறைந்தவர்கள் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கிளைக்கு நேரில் வந்து விண்ணப்பிக்கலாம் என்றது. கடைசி நாள் ஜூன் 20. இரண்டே நாள்.

அண்ணனை எழுப்பினேன். கடிதத்தைக் காட்டும் முன், வேறொன்றைக் கேட்கும் துணிவு எங்கிருந்தோ வந்தது. எங்கள் வீட்டில் எவரும் அப்படிப் பேசியதில்லை.

"அண்ணா, சாகணும்னு நெனைக்கிறியா?"

அவன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு, "கணக்குப் போட்டுப் பாத்தேன் பாப்பா. என் சம்பளம் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம். நான் இல்லாம இருந்தாத்தான் கணக்கு சரியாவுது" என்றான்.

அம்மா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவன் அழுதான். அப்பாவின் அடக்கத்தில்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் செபம் கேட்கப்பட்டது அந்த நேரத்தில்தான் என்று நான் விசுவசிக்கிறேன்.

கடன் மறைந்துவிடவில்லை. வங்கி எங்கள் விண்ணப்பத்தை ஏற்றதால் தவணை எட்டாயிரமாகக் குறைந்தது, காலம் நீண்டது. கட்டி முடிக்கும்போது அண்ணனுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். மொத்தத்தில் கூடுதலாகத்தான் கட்டுவோம். அவன் மாதம் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்கிறான். சில நாட்களில் சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். ஆனால் இருக்கிறான். அதற்காக ஒவ்வொரு மாலையும் நன்றி சொல்கிறேன். இப்போது வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் மூவரும் சேர்ந்து பிரித்துப் படித்த பிறகே செபிக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். செபியுங்கள். செபித்துவிட்டு எழுந்து போய் அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்கும் துணிவை ஆண்டவர் தருவார், எனக்கே தந்தார்.

அந்தக் கடிதங்களைப் பிரித்த மறுநாள் காலை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. நான்காவது கடிதத்தை எடுத்துக்கொண்டு மூவரும் வங்கியின் ஸ்ரீரங்கம் கிளைக்கு நடந்தோம். விண்ணப்பத்தில், தவணை தவறியதற்குக் காரணம் என்று ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். அண்ணனின் பேனா அங்கே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சொற்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றையும் நான் கொடுக்கவில்லை, காத்திருந்தேன். 'சம்பளம் போதவில்லை' என்று அவனே எழுதிக் கையெழுத்திட்டான். அம்மாவும் கையெழுத்திட்டார். நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.