தனித்தனியாய்ச் சாப்பிட்டவர்கள்

கடலூரில் ஒரு தையல் கம்பெனிக்கு மேலாளராக இருந்தபோது, பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை நான் நிறுத்தினேன். முதலாளிகூட அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இப்போது ஜெர்மனியில் மகளோடு இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போகிறேன். பகல் பன்னிரண்டுக்கு எதிரில் வருகிறவர்கள் எல்லாம் 'மால்ட்ஸைட்', அதாவது சாப்பாட்டு வேளை, என்கிறார்கள். முதல் நாள், சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஒருவர் பின்னாலேயே போனேன். அவர் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். அது அந்த வேளைக்கான வணக்கம் மட்டுமே. ஆனால் சற்று நேரத்தில் எல்லோரும் வேலையை வைத்துவிட்டு ஒரே மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

கடலூரிலும் அப்படித்தான் இருந்தது. தேவனாம்பட்டினத்துக் கலா கொண்டுவரும் நெத்திலிக் குழம்புத் தூக்கு ஒரு சுற்று வரும். "ஏய், இந்தப் பக்கம் தள்ளுடி, உன் மாமியாருக்கா எடுத்து வைக்கிற?" என்ற சத்தம் என் அறைவரை கேட்கும். சும்மா நிற்கும் மிஷின்கள்தான் என் கண்ணில் பட்டன. வரிசைக்கு ஒருத்தியாகச் சாப்பிட அனுப்பினேன். ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம். கலாவுக்குக் கடைசி முறை. கொஞ்ச நாளில் அவள் தூக்குக் கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். ஒரு மாலை மிஷின்மேல் மயங்கிச் சாய்ந்தாள்.

"சாப்ட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்று அதட்டினேன்.

"தனியா உக்காந்தா எறங்கல சார்."

அதற்குப் பிறகும் நான் முறையை மாற்றவில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது, சிதம்பரத்தில் ஒரு தையல் கூடத்தில் அவள் சூப்பர்வைசராக இருப்பது தெரிந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்க சார்! இங்கயும் உங்க முறைதான். ஒவ்வொருத்தியாத்தான் அனுப்புறேன். பேச்சு ஜாஸ்தி இல்ல. மொதலாளிகிட்ட எனக்கு நல்ல பேரு."

"வேணாம் கலா. எல்லாரையும் சேத்து அனுப்பு."

"நீங்க சொல்லிட்டு பிளேன் ஏறிடுவீங்க. டார்கெட் வுழுந்தா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நீ எப்ப சாப்புடுவ?"

"எல்லாரும் முடிச்சப்பறம், மூணரைக்கு. தனியாத்தான். பழகிப்போச்சு சார்."

இந்தக் கோடையில் இங்கே பன்னிரண்டு என்றால் அங்கே மூன்றரை. நூலக மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் பேச்சு, சிரிப்பு, பாதி புரிவதில்லை. சிதம்பரத்தில் கலா டப்பாவைத் திறக்கிற நேரம். கையிலிருக்கும் ரொட்டி எனக்கு மெதுவாகத்தான் இறங்குகிறது.