ராகுகாலத்துக்குள் எண்ணூர்

காரில் ஏறினால் எனக்குச் சாலை தெரியாது. சூடு காட்டும் முள்தான் தெரியும். "அப்பா, இந்த வண்டியில முள்ளே இல்ல" என்கிறான் மகன். அதுவும் கவலையாகத்தான் இருக்கிறது. எட்டு வயதில் திருவொற்றியூரில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எண்ணூரில் அத்தைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், அத்தையைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அவருடைய தாய் படுத்த படுக்கை என்பதால் பெண்ணை அங்கே அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஏற்பாடு முழுக்கப் பெரியப்பாவுடையது. அவர் முடிவு செய்த பிறகு எங்கள் வீட்டில் மற்றவர்கள் யோசிக்கும் வழக்கமில்லை. அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடாததைக்கூட அவர் விரதம் என்றே எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா துறைமுகத்தருகே ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்த்தார். முதலாளியின் பழைய அம்பாசிடரை இரவல் வாங்கி அவரே ஓட்டினார். முன்னால் பெரியப்பா, பின்னால் பெரியம்மா, அத்தை, நான், என் மடியில் பழத்தட்டு. ராயபுரத்திலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் முள் உச்சிக்குப் போய்விட்டது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி சீறியது.

"இன்னாடா இது?" என்றார் பெரியப்பா.

"தண்ணி கொதிக்குதுண்ணா."

"வேற ஊத்தினு கெளம்பு!"

"இப்ப மூடிய தொறந்தா மூஞ்சி வெந்துபூடும்ணா. ஆறட்டும்."

ஆறியது. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கி ஊற்றினார்கள். சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பெரியப்பா பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் பார்த்தார். வண்டி இருமியதே தவிரக் கிளம்பவில்லை. ரேடியேட்டரில் அடைப்பு என்றார் சித்தப்பா. பிறகு பேட்டரி செத்துவிட்டது என்றார். பெரியப்பா டாக்சி தேடிச் சாலையின் மறுபக்கம் ஓடினார்.

அப்போது ஒரு லாரிக்காரர் நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"பெல்ட்டு தொளதொளன்னு கீது. ஃபேன் சுத்தல, தண்ணி கொதிக்குது. டைனமோ சுத்தல, பேட்டரி காலி. ரெண்டுக்கும் ஒரே நோவு." பிறகு நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். "இன்னா மாமு, எங்க வண்டிக்கெல்லாம் பெல்ட்டு இழுத்து வுடறதே நீதான? உனுக்கா தெர்ல?"

"கம்முனு போ மாமு" என்று சித்தப்பா என் தட்டிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து அவர் கையில் திணித்தார். தட்டில் பன்னிரண்டு பழம் பத்தாயிற்று.

டாக்சி கிடைக்காமல் பெரியப்பா திரும்பியபோது நாலரை தாண்டியிருந்தது. வேட்டியை இறக்கிவிட்டு எண்ணூர்ப் பக்கம் பார்த்தார்.

"பொறப்புட்ட காரியத்துக்கு வண்டியே மறிக்குது. இந்த எடம் வாணாம். திருப்பு."

அதற்குப் பிறகுதான் சித்தப்பா ஸ்பானரை எடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லாரிக்காரர்கள் இருவர் ஒரு தள்ளு தள்ளியதும் வண்டி உறுமிக் கிளம்பியது. வீடு வரை கொதிக்கவேயில்லை.

வழியில் அத்தையின் காதில் சொன்னேன்: "பாவம் அத்தை, சித்தப்பாவுக்கு வேலையே தெர்ல."

"ஆமாண்டா கண்ணு, அதுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொன்ன அத்தை, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கல்யாணம் நின்றுபோன துக்கம் என்று எண்ணி, நானும் சேர்ந்து அழுதேன்.