இடது சப்பாத்து

நம்பாதவர்கள் லக்‌ஷிகாவிடமே கேட்கலாம். நடந்தது என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல், எழுந்து கால் கழுவப் போய்விடுவாள்.

லண்டன் குட்மேய்ஸில் தாயோடு வசிக்கும் அவள், போன டிசம்பரில் தோழிகளுடன் பனிச்சறுக்க பிரெஞ்சு மலைக்குப் புறப்பட இருந்தாள். மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இல்லாத இடம். ஸ்கீ பலகைக்கு அடியில் வழுக்காமலிருக்க மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு, பனியில் மணிக்கணக்காக ஏறி, பிறகு சறுக்கி இறங்கவேண்டும். அதற்கென்று தனிச் சப்பாத்து. புதிது வாங்கினால் சரியான விலை, கட்டுப்படியாகாது. குரோய்டனில் கல்யாணி என்ற பெண் பழைய சோடி ஒன்றை இணையத்தில் விற்றாள். ட்ராம் நிறுத்தத்தில் பையை லக்‌ஷிகாவின் கையில் திணித்தாள்.

“என்ர மனுசன் இனி மலைக்குப் போகமாட்டார். கொண்டுபோங்கோ.”

வீட்டில் பையைத் திறந்ததும் தாய் வசந்தமலர் மூக்கைப் பொத்தினாள்.

“என்ன நாத்தம் பிள்ளை? எலி ஏதும் செத்துக் கிடக்கோ?”

“பழைய வேர்வை அம்மா. கழுவினாப் போயிடும்.”

போகவில்லை. சப்பாத்துகளின் உள்ளுறைகளைக் கழற்றிச் சவர்க்காரத்தில் ஊறவைத்தாள். வலது காய்ந்தது. இடது, ஹீட்டரின் மேலேயே கிடந்தும் காயவில்லை. ஒவ்வொரு காலையும் பிழிந்தால் மஞ்சளாக, வழுவழுவென்று ஏதோ வந்தது. கையை எத்தனை தரம் கழுவியும் அந்த நாற்றம் சோற்றிலும் ஏறியது.

ஞாயிறு பின்னேரம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பயணம் கிட்டிவிட்டதால், காலுக்குப் பழகட்டும் என்று, இடது உள்ளுறையின் ஈரத்தோடேயே இரண்டையும் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

வலது சரி. இடது... முன்பக்கம் இடமில்லை. காலுறை சுருண்டிருக்கும் என்று நினைத்தாள்.

விரல்களை அசைத்தாள்.

அதுவும் அசைந்தது.

அவள் விரல்களுக்கு முன்னால் வேறு விரல்கள். ஐஸ் போல. ஊறி நொந்த சதை. ஒவ்வொன்றாக அவள் விரலிடுக்குகளுக்குள் நுழைந்தன... சூடு தேடுவதுபோல.

கிளிக்.

சப்பாத்தின் பூட்டுக் கொளுக்கி தானாகவே இறுகியது.

கிளிக்.

“அம்மா!”

வசந்தமலர் ஓடிவந்து இழுத்தாள். ஏலவில்லை. கரண்டிக் காம்பால் கொளுக்கியை நெம்பினாள்.

சளக்.

கால் வந்தது. காலுறை முழுக்கக் கறுப்பு நீர். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு நகம். ஆணின் பெருவிரல் நகம். அடியில் தோலோடு.

லக்‌ஷிகா படியிலேயே வாந்தி எடுத்தாள்.

சப்பாத்தைக் குப்பைப் பையில் இறுக்கிக் கட்டி வெளியே வைத்தார்கள். நடந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை ஃபோன் அடித்தது. தெரியாத ஆண் குரல்.

“தங்கச்சி, நான் கல்யாணியின்ர மனுசன். போன வருசம் மலையில பனிக்குள்ள மாட்டுப்பட்டனான். இடது கால் விரல் அஞ்சையும் ஆஸ்பத்திரியில வெட்டிப்போட்டினம். விரல் இல்லை... ஆனா ஒரு வருசமா அந்த விரலெல்லாம் ஐஸாக் குளிருது.”

அவள் தன் இடது காலைப் பார்த்தாள்.

“நேற்றுப் பின்னேரந்தான் முதன்முதலாச் சூடு பிடிச்சுது.”

ஃபோனில் அவரின் மூச்சுக் கேட்டது.

“இன்னொருக்காப் போடுவீங்களோ?”