தலைக்கு மேல் ஒரு பச்சைக் கோடு

முதலில் போனது வலது கால் செருப்பு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறிப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். "ஏக்கா, செருப்ப விட்டுட்டுப் போறியளே!" என்று பூ விற்கிற பெண் கூவினாள். திரும்பிப் பார்த்தால் செருப்பு தூரத்தில் கிடக்கிறது. வெறும் காலோடு தார் ரோட்டில் நடந்திருக்கிறேன், சூடே உறைக்கவில்லை. முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அந்த அசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். மறுநாள் தையல் மிஷின் பெடலை மிதித்தால் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. எங்கள் ஊர் டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை.

"இங்கன வச்சிப் பாக்கவேண்டாம். இப்பவே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்றார். அவர் புண்ணியவான். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது மரத்துப்போவது பாதத்தில் தொடங்கி மேலே ஏறினால், டானிக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

திருநெல்வேலியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். நோயின் பெயர் கில்லன்-பாரே (கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் நம் நரம்பையே தாக்குவது). கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கேமில் சொந்த டீம்காரனே நம்மைச் சுடுவதில்லையா, அதே கதைதான்.

கேம் என்றதும் சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். அவர் வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் ஆளுக்கொரு போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். மற்ற வீடுகளில் வீடியோ காலில் 'சாப்பிட்டியா' என்று கேட்டு முடித்துக்கொள்வார்கள். நாங்கள் கேமில் பாராசூட் கட்டி ஒரே தீவில் சேர்ந்து குதிப்போம். லீடர் நான். அவருக்குக் குறி பார்த்துச் சுட வராது. வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிடுகிறவள், கேமில் மட்டும் 'ஏலே' என்பேன். "ஏலே, மரத்துக்குப் பின்னால ஒளிலே!" என்று நான் கத்த வேண்டும் என்பதற்காகவே வெட்டவெளியில் நிற்பார் மனுஷன்.

ஐ.சி.யூ.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தபோது பலவீனம் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தது. டாக்டரம்மா தினமும் வந்து, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு எண்ணச் சொல்வார். மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று அதில் தெரியுமாம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சீக்கிரமே நின்றுபோனேன். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

என் நாத்தனார் செல்வி போனை என் காதில் வைத்தாள். கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர்.

"ஏட்டி கோமு, ஒரு தடவ ஏலேன்னு கூப்பிடு. அது போதும்" என்றார் அவர்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததே இல்லை.

படுத்துக்கொண்டு யோசித்தேன். கேமில் உள்ள எதை எனக்குக் கொடுத்தால் நன்றாயிருக்கும்? செத்து, புது உடம்போடு அதே இடத்தில் எழுந்திருப்பதா? அது வேண்டாம், செத்துத்தானே தொலைக்க வேண்டும். வரைபடத்தில் விரல் வைத்தால் அந்த இடத்துக்கே போய்விடலாமே, அதை அவருக்குக் கொடுக்கலாம். எனக்கு ஹெல்த் பார் போதும். கேமில் ஆள் தலைக்கு மேல் ஒரு பச்சைக் கோடு தெரியும். அடிபட அடிபடக் குறையும், சிவக்கும். பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கா" என்று செல்வியிடம் சொன்னார்கள். தலைக்கு மேல் அந்தக் கோடு தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களா? வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கவும் முடியவில்லை, எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும்.

மருந்து வேலை செய்தது. நோய் நெஞ்சோடு நின்றது. குரல் நூல் மாதிரி திரும்பி வந்ததும் அவர் போனில் ஆரம்பித்துவிட்டார்.

"வேலைய விட்டுட்டு வாரேன்."

"என்னங்க, சும்மா இருங்க. லீவு கெடைக்கும்போது வாங்க. ஸ்டேஷனுக்கு நடந்து வந்து நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன்."

"ஏலேன்னு சொல்லமாட்டியா?"

"அத நேர்ல வந்து வாங்கிக்கிடுங்க."

டாக்டரம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நடக்க மாசக்கணக்காகும்மா. சிலருக்குக் கொஞ்சம் பலவீனம் தங்கியும் போகும். அவர் வாரதுக்குள்ளன்னு கெடு வச்சுக்காத" என்றார்.

"வச்சாச்சு டாக்டர். சொன்னா சொன்னதுதான்" என்றேன். எனக்குத் திமிர் உண்டு. அந்தச் சமயத்தில் என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

கேமில் அடிபட்டு விழுந்தவளை நாக் ஆகிவிட்டாள் என்போம். டீம்காரர் ஒருவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து ரிவைவ் பண்ணி எழுப்பிவிட வேண்டும். தூரத்திலிருந்து முடியாது. தறி வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்தவள் செல்வி. பிசியோதெரபி (தசைகளுக்கான பயிற்சிச் சிகிச்சை) டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினாள். இதே செல்விதான் முன்பெல்லாம், "கட்டிக்கொடுத்த பெறவும் என்ன மதினி வெளையாட்டு" என்று கேலி பண்ணுவாள்.

ஒரு நாள் இடது கால் பெருவிரல் தானாக அசைந்தது. செல்வி போட்ட சத்தத்தில் நர்ஸ் பதறி ஓடி வந்தார். "எங்க மதினி வெரல ஆட்டிட்டாவ!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெயித்தவள் மாதிரி படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வாக்கரோடு பல மாதம் மல்லுக்கட்டினேன். விழுந்தேன், திட்டினேன், எழுந்தேன். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. பெடலை மிதித்து முதலில் தைத்த ஜாக்கெட்டைச் செல்விக்குக் கொடுத்தேன். தையல் கோணல்தான், அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாள்.

அவர் வந்த நாளன்று நானும் செல்வியும் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்துதான் போனேன். சென்னை ரயில் வந்தது. அவர் எங்கோ முன் பெட்டியிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சக்கரப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வரப் பார்த்தார்.

கைத்தடியைச் செல்வியிடம் கொடுத்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

"ஏலே! அங்கனயே நில்லுலே! நான் வாரேன்!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. கட்டின புருஷனை நடு ஸ்டேஷனில் ஏலே என்கிறாளே என்று ஒரு பெரியவர் முறைத்தார். முறைக்கட்டும். என் வீட்டுக்காரர் சொன்னபடி அசையாமல் நின்றார்.

நடந்தேன். முன்பெல்லாம் நடக்கும்போது கால் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது குதிகால் பதிவதும் விரல் ஊன்றுவதும் தனித்தனியாகத் தெரிகிறது. நான் பாதி வழி போவதற்குள் ரயில் கிளம்பிப் போய்விட்டது. போகட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

கிட்டே போனதும் என் தலைக்கு மேலே பார்த்தார்.

"என்ன பாக்கிய?"

"பச்சக் கோடு எம்புட்டு இருக்குன்னு."

"எம்புட்டு இருக்கு?"

அவர் அழுதுவிட்டார். நான் அழவில்லை. அவர் போட்டுவிட்ட பெட்டியின் கைப்பிடியை நான் பிடித்தேன், வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போக.